ரோஜாவா… அரளியா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பூந்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பூங்கொத்து இல்லை. தொட்டி. மண், கல், வேர், தண்டு, பூ என்று எல்லாம் சேர்ந்த முழுத் தொட்டி. நசரத்பேட்டையில் ஏறியதிலிருந்து ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பூந்தமல்லி வருவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், ஆஸ்பத்திரிக்குப் போறவங்க பழம் வாங்கினு போவாங்க, பன்னு வாங்கினு போவாங்க. நீ இன்னா, செடிய தூக்கினு போறே?"

"டாக்டர் கொண்டுவரச் சொன்னாங்கப்பா."

"செடிக்கு ஒடம்பு சரியில்லியா?"

"இல்ல. இதை ஒரு குழந்தை தின்னுடுச்சோன்னு சந்தேகம்."

அதற்கப்புறம் ஹாரன்தான் பேசியது. குமணன்சாவடியில் வழக்கம்போல எல்லாம் நின்றுகொண்டிருந்தது. தலையை வெளியே நீட்டி, முன்னால் நின்ற வேன்காரரிடம், "ஓரம் குடு நைனா, கொயந்த மேட்டரு!" என்று கத்தினார். வேன்காரர் திரும்பிப் பார்த்தார். குழந்தை எங்கே என்று தேடினார். என் மடியில் இருந்த தொட்டியைப் பார்த்தார். ஒன்றும் புரியாமலே வழிவிட்டார்.

அன்றைக்கு ஒன்றும் புரியாமல் இருந்தவர் அவர் மட்டும் இல்லை.

கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எனக்கும் புரியலாம்… பார்ப்போம்.

எங்கள் குடியிருப்பில் கோடை வந்துவிட்டால் லாரித் தண்ணீர்தான். குளிக்கிற தண்ணீரையே அளந்து குளிக்கும்போது செடிக்கு எங்கே போவது? போன கோடையில் என் ரோஜாக்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. மல்லி கடைசிவரை போராடிப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. என் மனைவி சுமதி காலித் தொட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு, "இனிமே தண்ணி கேக்காத செடியா இருந்தா மட்டும் வாங்குங்க" என்றாள்.

தண்ணீர் கேட்காத செடியா? அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது என்றார் ஏழுமலை. நெடுஞ்சாலை ஓரத்தில் நர்சரி வைத்திருப்பவர். அவர் எனக்கு இரண்டு செடிகள் கொடுத்தார். ஒன்று காகிதப்பூ. உடம்பெல்லாம் முள். இன்னொன்று, அடித்தண்டு தொப்பை போலப் பருத்து, மேலே ஊதுகுழல் மாதிரி ரோஸ் நிறத்தில் பூக்கிற குட்டையான செடி. தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது — 'பாலைவன ரோஜா'.

"எப்படிப் பாத்துக்கணும்?" என்றேன்.

"பாக்காம இருக்கணும் சார். கவனிச்சீங்கன்னா செத்துப்பூடும்."

இதைக் கேட்டுவிட்டு ஒருவன் எப்படி நிம்மதியாகத் தூங்குவது? ஒரு பொருளை வாங்கி, அதைக் கவனிக்காமல் இருப்பதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றால்?

யூடியூபில் கேட்டேன். வாரம் ஒரு முறை தண்ணீர் விடச் சொன்னார் ஒருவர். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால்தான் விடவேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் தண்டை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். கெட்டியாக இருந்தால் நலம், கொழகொழவென்று இருந்தால் அழுகல். நான் எல்லாவற்றையும் செய்தேன். காலையில் எழுந்ததும் விரல். அப்புறம் அமுக்கல். பால் வாங்கப் போன சுமதி அதைப் பார்த்துவிட்டு, "அது தொப்பையா, தக்காளியா? கடையில பொறுக்கற மாதிரி அமுக்கறீங்க" என்றாள்.

ஆனால் ஒன்று. மணலும் செங்கல் துண்டும் பாதிக்குப் பாதி போட்டு, தண்ணீர் தேங்காமல் ஓட்டை பெரிதாக்கி, நாளெல்லாம் வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டால், இரண்டுமே ராஜா மாதிரி இருக்கின்றன. காகிதப்பூவுக்குத் தண்ணீர் அதிகமானால் இலையாகத் தழைக்கிறது. கொஞ்சம் வாடவிட்டால் பூவாகத் தள்ளுகிறது. பூத்து முடிந்ததும் நுனியைக் கத்தரித்தால் அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. பாலைவன ரோஜாவையும் கத்தரித்தேன். வெட்டின இடத்தில் பால் வடிந்தது. கையை நன்றாகக் கழுவச் சொன்னார் வீடியோக்காரர். ஏன் என்று அவர் சொல்லவில்லை.

எங்கே வைப்பது என்பதில்தான் கொஞ்சம் யோசித்தோம். நாங்கள் தரைத்தளம். எதிர்வீட்டில் தினேஷ், கவிதா என்று இளம் தம்பதி. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை, கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர். அவர்கள் மகள் யாழினிக்கு இரண்டு வயது நிறையவில்லை. நடக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நடைபாதை அவள் ராஜ்யம்.

"முள்ளு இருக்கறத கேட்டாண்ட தள்ளி வைங்க. குழந்தை கையில குத்திடும்" என்றாள் சுமதி.

நியாயம்தானே? காகிதப்பூவை காம்பவுண்டு சுவர் ஓரமாக வைத்தோம். முள் இல்லாத, கொழுகொழுவென்று சாதுவாக இருந்த பாலைவன ரோஜாவை வாசலில் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே கவிதாவின் அலறல்.

ஓடினோம். தொட்டிக்குப் பக்கத்தில் யாழினி உட்கார்ந்திருந்தாள். வாயோரம் ரோஸ். உள்ளங்கையில் கசங்கிய ரோஸ். கவிதா அவள் வாய்க்குள் விரலை விட்டு எதையோ வழித்தெடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை, அம்மா ஏன் இப்படிப் பண்ணுகிறாள் என்று கோபமாக அழுதுகொண்டிருந்தது.

"அங்கிள், இது என்ன செடி?"

"பாலைவன ரோஜாம்மா."

கவிதாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. "ரோஜாவா? அப்போ ஒண்ணும் பண்ணாதுல்ல?"

சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வெளியே வந்த தினேஷ் குனிந்து பார்த்தான். "இலையப் பாத்தா அரளி மாதிரில்லா இருக்கு" என்றான்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அரளியை சாமிக்குப் போடுவார்கள். வாயில் மட்டும் போட மாட்டார்கள். இது தெரியாத வீடு உண்டா?

சுமதி உப்பைக் கரைத்துக்கொண்டு வர உள்ளே ஓடினாள். பாதி வழியில் நின்றாள். "வாந்தி எடுக்க வைக்கலாமா, கூடாதா? எதுவோ ஒண்ணு கூடாதுன்னு படிச்சிருக்கேனே…" என்றாள். "எதுவும் வேணாம் ஆன்ட்டி, வண்டில ஏறுங்க" என்று தினேஷ் காரை எடுத்தான். மூவரும் குழந்தையோடு போய்விட்டார்கள்.

நான் மட்டும் வாசலில். எதிரே செடி. எப்போதும் போலச் சிரித்துக்கொண்டு.

ஏழுமலைக்கு போன் போட்டேன்.

"பாலைவன ரோஜா, ரோஜாதானே?"

"ரோஜால சேத்தி இல்ல சார். அதுக்கு அடீனியம்னு பேரு."

"அப்போ அரளியா?"

"அரளி இல்ல சார். அரளிக்கு சொந்தக்காரன்னு வெச்சுக்கயேன்."

"விஷமா?"

"சார், நான் செடி விக்கறவன். துன்னு பாத்தவன் இல்ல. இன்னாத்துக்குக் கேக்கறே?"

சொன்னேன். "ஐயோ! ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்னு போ சார்" என்று அவரும் கத்தினார்.

இரண்டாம் மாடி விஜயா அம்மா சத்தம் கேட்டு இறங்கி வந்தார். "இதா? இது லட்சுமி கடாட்சம்னு என் நாத்தனார் வீட்ல பூஜை ரூம் பக்கத்துல வெச்சிருக்காளே" என்றார். வாட்ச்மேன் வந்தார். "போன்சாய் சார் இது" என்றார். கவிதா வழித்துப் போட்ட ரோஸ் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சத்தை அவள் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போயிருந்தாள். மிச்சத்தை உற்றுப் பார்த்தேன். பாலைவன ரோஜாவும் ரோஸ். காகிதப்பூவும் ரோஸ். காற்றடித்தால் காகிதப்பூ நடைபாதை முழுக்கப் பறந்து கிடக்கும். இதில் குழந்தை வாயில் போனது எது?

சுமதி போனில் அழைத்தாள். "ஏங்க, டாக்டர் செடியைப் பாக்கணுங்கறாங்க. கொண்டு வாங்க."

கொண்டு வாங்க என்றால்… கொண்டு போனேன்.

டாக்டர் சின்னப் பெண். முதலில் தொட்டியைப் பார்த்தார். அப்புறம் மண் அப்பின என் சட்டையைப் பார்த்தார்.

"சார், ஒரு இலை, ஒரு பூ போதும். போட்டோ அனுப்பியிருந்தாக்கூடப் போதுமே."

சுமதி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

டாக்டர் போனில் படங்களைத் தேடினார். வெளியே போய் யாரோ மூத்த டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். "பேர்ல ரோஜா இருக்கு. ஆனா அரளிக் குடும்பம்தான். இலை, பூ, பால் எல்லாத்துலயும் விஷம் இருக்கு. இதயத் துடிப்பைப் பாதிக்கும். கொஞ்சமா வாயில போட்டிருந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா குழந்தை… நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். வாந்தி எடுக்க வெச்சீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் கவிதா.

"நல்லது. அதைப் பண்ணக் கூடாது."

சுமதி மெல்ல மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கவிதா கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். டாக்டர் பார்த்தார். நான் பார்த்தேன். நர்ஸ் பார்த்தார். மென்ற பிறகு எல்லாப் பூவும் ஒன்றுதான். அதில் எந்தப் பெயரும் எழுதியிருக்கவில்லை.

"தெரியலன்னா, மோசமானதுன்னே வெச்சுப்போம்" என்றார் டாக்டர். குழப்பத்தில் இப்படி ஒரு முடிவெடுக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

யாழினியின் சின்ன மார்பில் வட்ட வட்டமாக ஒட்டி, ஒயர்களை மாட்டினார்கள். அவள் அதில் ஒன்றைப் பிய்த்து அப்பாவின் கன்னத்தில் ஒட்டப் பார்த்தாள். திரையில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கோடு ஏறினால் நல்லதா, இறங்கினால் நல்லதா? நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இப்போதைக்கு நார்மல். நாளைக் காலை வரைக்கும் இங்கே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

அந்த 'இப்போதைக்கு' இருக்கிறதே…

நான் வராண்டாவில் வந்து உட்கார்ந்தேன். தொட்டியை பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். பக்கத்தில் ஒரு அம்மா, கையில் டோக்கன். குனிந்து பார்த்தார்.

"இன்னா செடி சார் இது? சூப்பரா கீது. ஒரு கொம்பு ஒடிச்சுக் குடேன்."

"விஷம்மா!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. வராண்டாவே திரும்பியது.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லு சார். அதுக்குன்னு விஷம்னா சொல்லுவே?" என்று தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் தினேஷும் நானும் எதிர்க்கடையில் டீ குடித்தோம். அவன் டீயைக் குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஏதாவது திட்டினால் தேவலை என்று இருந்தது. அவன் ஊர்க் கதையைத்தான் சொன்னான்.

"எங்க ஊர்ல வீட்டச் சுத்தி அரளிதான் சார். வேலியே அதான். நாங்க அதுக்குள்ளதான் வெளையாடுவோம். அத வாயில வைக்கப்பிடாதுன்னு எங்கம்மா ஒரே ஒரு தடவ சொன்னாவ. அவ்ளோதான். நான் என் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்ல? எனக்கே பேர் தெரியல. சீட்டுல ரோஜான்னு போட்டிருக்கு."

முள் வைத்திருக்கிற செடியைத் தள்ளி வைத்தோம். முள் இல்லாததை வாசலில் உட்காரவைத்தோம். அதில் தப்பு எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதும் தெரியவில்லை.

சாயங்காலம் யாழினி தூங்கி எழுந்தாள். எழுந்ததும் சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்து, "பிக்கித்" என்றாள். பிஸ்கெட். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற கவிதா, அந்த ஒரு வார்த்தைக்கு அப்படி ஒரு அழுகை அழுதாள். சுமதி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொடுங்க, கொடுங்க" என்றார். தினேஷ் பிஸ்கெட் வாங்க ஓடினான். திரும்பி வரும்போது ஒரு கடையையே வாங்கி வந்தான்.

திங்கட்கிழமை காலை மறுபடியும் ஒயர் மாட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கார் கேட்டுக்குள் நுழைந்தது. கவிதா மகளை இறக்கிவிட்டு, டிக்கியில் பையை எடுக்கத் திரும்பினாள். அந்த ஒரு நிமிஷம்தான். யாழினி நேராக காம்பவுண்டு சுவர் ஓரமாகப் போனாள். தரையில் உதிர்ந்து கிடந்த காகிதப்பூவை ஒரு பிடி அள்ளினாள். நிதானமாக வாயில் போட்டாள்.

கவிதா, தினேஷ், சுமதி, வாட்ச்மேன், நான் — எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குழந்தை பயந்து துப்பிவிட்டது. டாக்டருக்கு போன். காகிதப்பூ, குழந்தை, வாய் என்று நான் உளறினேன். "அதுவா? வாயைக் கழுவி விடுங்க. அது ஒண்ணும் பண்ணாது" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியென்றால் நேற்றும் இதுதானா? வழக்கமாகவே இதைத்தான் தின்றுகொண்டிருக்கிறாளா? இல்லை, நேற்று அது, இன்றைக்கு இதுவா?

"டாக்டர், அப்போ நேத்து…"

"நேத்து எதுன்னு தெரியாது சார். இன்னிக்கு குழந்தை நல்லா இருக்கா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று போனை வைத்துவிட்டார்.

சரி, எங்களோடு காரில் திரும்பி வந்த பாலைவன ரோஜாவை என்ன செய்வது? தூக்கிப் போடலாம் என்றால், தெருமுனைக் குப்பையில் மாடு மேய்கிறது. யாருக்காவது கொடுக்கலாம் என்றால், யார் வீட்டில் குழந்தை இல்லை? ஏழுமலையிடம் திருப்பிக் கொடுத்தால், அதே சீட்டை ஒட்டி வேறொருவருக்கு விற்பார். வெட்டலாம் என்று கத்தியை எடுத்தேன். உச்சியில் புதிதாக மொட்டு விட்டிருந்தது. பாவமாக இருந்தது. குழந்தையை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த செடியைப் பார்த்துப் பாவப்படுவது சரியா? அதுவும் தெரியவில்லை. கத்தியோடு நின்றுகொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து தினேஷின் குரல். "சார், கையுறை இருக்கா?"

கொடுத்தேன். மாட்டிக்கொண்டு தொட்டியை அவனே தூக்கினான். "மொட்டை மாடிக் கதவு எப்பவும் பூட்டித்தான கிடக்கு. வெயிலும் இருக்கும். அங்க கிடக்கட்டும்."

நான் பின்னாலேயே படியேறினேன். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது அவன் சொன்னான். "செடி அது பாட்டுக்குத்தான் சார் இருந்துச்சு. பேர் வச்சதுதான் நாம."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். கீழே வந்ததும் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். கவிதா எங்கள் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். யாழினி என் செருப்பைத் தின்னப் பார்த்தாள், பிடுங்கினேன். மற்றபடி எல்லாம் வழக்கம்போல ஆகிவிட்டது.

ஆனால் குடியிருப்பு வழக்கம்போல ஆகவில்லை.

விஷயம் எல்லா மாடிக்கும் பரவிவிட்டது. செடி என்று ஒன்றை வைத்திருந்த அத்தனை பேரும் என்னிடம் வந்தார்கள். "சார், மணி பிளான்ட் விஷமா?" "குரோட்டன்ஸ்?" "எங்க வீட்டு நந்தியாவட்டை?" விஷச் செடி வளர்த்த ஒரே தகுதியில் நான் நிபுணன் ஆகிவிட்டேன். தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கசந்தது.

எங்கள் சங்கச் செயலாளர் பரமசிவம் சார் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் சொன்னது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. தெரியாவிட்டால் மோசமானது என்றே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையா? சிவப்பு எழுத்தில் 'விஷம் — தொடாதீர்' என்று அச்சடித்து வந்து, குடியிருப்பில் இருக்கிற எல்லாத் தொட்டிகளிலும் ஒட்டிவிட்டார். ஒன்று பாக்கி இல்லை.

நேற்று ரசத்துக்குத் தாளிக்கும்போது சுமதி வெளியே போய், சிவப்புச் சீட்டு ஒட்டிய தொட்டியிலிருந்து கறிவேப்பிலை பறித்து வந்தாள்.

ரசம் நன்றாகத்தான் இருந்தது… இப்போதைக்கு!